கோபுரத்தின் மேல் கருடன், படகின் பின்னால் கோழித்தோல்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் 'சுற்றுலாவும் நம் பறவைகளும்' என்னும் தலைப்பில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கத்தில் நான் கேள்வி கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இன்று பதில் சொல்கிற நாற்காலியைக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, இதில் சாய்வதற்கு இடமே இல்லை. (சிரிப்பு)

நான் பறவைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். அதனால் உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது என்ன தவறு என்று புரிய வேண்டுமானால், உங்களை முதலில் 1996ஆம் ஆண்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம். அங்கேதான் என் பாட்டி வீடு. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அந்த வருடம் கும்பாபிஷேகம். எனக்கு எட்டு வயது. யாகசாலைப் புகை கண்ணைக் கரிக்கிறது. புதுப் பாவாடை இடுப்பை அறுக்கிறது. குருக்கள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறி, கலசத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். ஆனால் தண்ணீரை ஊற்றவில்லை. காத்திருக்கிறார். கீழே நின்ற கூட்டமும் கோபுரத்தைப் பார்க்கவில்லை, அதற்கும் மேலே வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறது. யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"வந்துருச்சு! கருடன் வந்துருச்சு!" என்று ஒரு கிழவி கத்தினார். வேறு யாரும் இல்லை, என் பாட்டிதான்.

செம்பனை மரங்களுக்கு மேலே, இறக்கையை ஒரு தடவைகூட அசைக்காமல், வட்டம் போட்டுக்கொண்டு வந்தது. செங்கல் நிறத்தில் இறக்கை. தலையும் மார்பும் வெள்ளை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கை கூப்பினார்கள். மேளம் முழங்கியது, தண்ணீர் விழுந்தது. மூன்று வட்டம் சுற்றிவிட்டு அது தன் வழியே போய்விட்டது. அதை யாரும் கூப்பிடவில்லை. அதற்கு யாரும் எதையும் வீசவில்லை. அது வந்தது, நாம் பார்த்தோம், அவ்வளவுதான்.

இப்போது 2014ஆம் ஆண்டுக்கு வாருங்கள். நான் ஒரு பயண நிகழ்ச்சியின் தொகுப்பாளினி. லங்காவித் தீவில் படப்பிடிப்பு. கிலிம் ஆற்று முகத்துவாரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போகிறோம். பார்த்தவர்களுக்குத் தெரியும், அழகான இடம். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறைகள். அந்தத் தீவு 2007இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற புவிப்பூங்கா.

ஒரு திருப்பத்தில் படகோட்டி வேகத்தைக் குறைத்தார். "சியாப், காக்?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வாளியின் மூடியைத் திறந்தார். உள்ளே கோழித்தோலும் குடலும். வெயிலில் கிடந்த வாடை. இரண்டு கை அள்ளித் தண்ணீரில் வீசிவிட்டு, அதே இடத்தில் படகை வட்டமடிக்க வைத்தார். தண்ணீர் நுரைத்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மரங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் கிளம்பி வந்தன பாருங்கள், முப்பதுக்குக் குறையாது! தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கி, காலால் தோலைக் கவ்வி, பறந்தபடியே அலகுக்குக் கொண்டுபோய்த் தின்கின்றன. எங்கள் ஒளிப்பதிவாளருக்குத் தலைகால் புரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, வாளியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து நானே வீசினேன். ஒளிப்படக் கருவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "இதோ நேயர்களே, லங்காவியின் கழுகுகள் நமக்காகவே விருந்துக்கு வந்திருக்கின்றன!" என்று வசனம் வேறு.

அந்தக் காட்சிதான் நிகழ்ச்சியின் விளம்பரத்துண்டு ஆனது. மாதக்கணக்கில் ஓடியது. "எந்தப் படகு, எவ்வளவு கட்டணம், எங்கே ஏற வேண்டும்?" என்று நேயர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். என் சொந்த அண்ணன் குடும்பத்தோடு போய், பிள்ளைகள் கோழித்தோல் வீசுகிற படத்தை எனக்கே அனுப்பினார். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

ஒரு கடிதம்

பாராட்டுகளுக்கு நடுவே ஒரு கடிதம் வந்தது. அந்தக் காலத்திலேயே கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்து போயிருந்தார்கள். எழுதியவர் தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். நாலே வரி. நீ கழுகு என்று சொன்னது கழுகு இல்லை மகளே, அது நம் கருடன். கோயிலில் கை கூப்புகிறோம், லங்காவியில் கோழிக் கழிவைப் போடுகிறோம். இரண்டும் ஒரே பறவை என்று உனக்குத் தெரியுமா, தெரிந்துதான் போட்டாயா? இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

நிலையத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். செங்கல் நிற இறக்கை. வெள்ளைத் தலை. வெள்ளை மார்பு. எட்டு வயதில் சுங்கைப்பட்டாணியில் நான் பார்த்த அதே பறவை. அன்றைக்கு என் கையில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு என் கையில் கோழித்தோல்.

நேயர்களே, பெயர்களில் நமக்குக் குழப்பம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வளைந்த அலகும் கூரிய நகமும் இருந்தால் நமக்கு எல்லாமே கழுகுதான். மலாய்க்காரர்களும் பொதுவாக ஹெலாங் என்று சொல்லிவிடுகிறார்கள். லங்காவி என்ற பெயரே ஹெலாங், காவி என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தது என்றுதான் அங்கே விளக்கம் சொல்கிறார்கள். செம்பழுப்பு நிறக் கழுகு என்று பொருள். குவா பட்டணத்தில் படகுத்துறைக்குப் பக்கத்தில் 12 மீட்டர் உயரத்தில் சிலை நிற்கிறதே, அதுவும் இதே பறவைக்குத்தான். ஆனால் கழுகு வேறு, பருந்து வேறு. நம் கருடனுக்குத் தமிழில் சரியான பெயர் செம்பருந்து. ஆனால் பருந்து என்று சொன்னால் படகு டிக்கெட் விற்காது போலிருக்கிறது, கழுகு என்று சொன்னால்தான் விற்கிறது. கிலிமில் அதோடு சேர்ந்து வருகிற இன்னொரு பறவை நிஜமாகவே கழுகு. வெள்ளை வயிறும் சாம்பல் முதுகும் கொண்ட கடற்கழுகு. செம்பருந்தைவிட நல்ல பெரிய உருவம்.

இந்தச் செம்பருந்து இயல்பாக எதைத் தின்னும்? கரையோரத்தில் மீன், நண்டு. தண்ணீரில் செத்து மிதக்கும் மீனையும் விடாது. வயல் பக்கமாக இருந்தால் தவளை, எலி. கிடைத்ததைப் பொறுக்கித் தின்னும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால்தான் அது கோழித்தோலுக்கும் வருகிறது. "பறவையே விரும்பி வந்து தின்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் மிட்டாயை விரும்பித்தான் தின்கிறார்கள்.

மீனையோ எலியையோ ஒரு பருந்து தின்னும்போது எலும்போடு சேர்த்துத் தின்கிறது. எலும்பில்தான் சுண்ணாம்புச் சத்து. முட்டை ஓடு கட்டுவதற்கும் குஞ்சின் எலும்பு உறுதியாவதற்கும் அதுதான் வேண்டும். கோழித்தோலில் இருப்பது கொழுப்பு. சுண்ணாம்புச் சத்து இல்லை என்றே சொல்லலாம். அடிபட்ட பருந்துகளையும் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளையும் காப்பாற்றி வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எலும்பில்லாத இறைச்சியை மட்டும் ஊட்டினால் குஞ்சின் கால் வளைந்து போகும், இறக்கை எலும்பு தானாகவே முறியும் என்று சொல்வார்கள். செம்பருந்து ஒரு முறைக்கு இடுவதே ஒன்று அல்லது இரண்டு முட்டை. லங்காவியின் இயற்கை ஆர்வலர்கள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் காட்சியை விட்டிருப்பேனா? சந்தேகம்தான்.

இன்னொன்று. படகுகள் ஒரே இடத்தில் வேகமாகச் சுற்றிச் சுற்றி அலை எழுப்புவதால், கண்டல் மரங்களின் அடியில் இருக்கும் சேறு அரித்துக்கொண்டு போகிறது. வேர் வெளியே தெரிகிறது, மரம் சாய்கிறது. அந்த மரம்தான் பருந்துக்குக் கூடு.

ஆசிரியர் ஐயாவுக்கு

எனக்கு முன்பு பேசிய தமிழாசிரியர் ஐயா ஒரு நல்ல கேள்வியை வைத்தார். பறவைக்கு உணவிடுவது தமிழனின் மரபல்லவா, காக்கைக்குச் சோறு வைக்காமல் நாம் சாப்பிடுவதுண்டா, திருக்கழுக்குன்றத்தில் கழுகுகளுக்குப் பொங்கல் வைத்தார்களே, அதுவும் தவறா என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன்.

திருக்கழுக்குன்றம் தமிழ்நாட்டில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1980களில் கோயில் சுற்றுலா போனபோது என் பாட்டி அந்த மலையில் ஏறியிருக்கிறார். உச்சிப்பொழுதில் பாறைமேல் பூசாரி சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வெள்ளை வெளேரென்று இரண்டு பறவைகள் வந்து, தின்றுவிட்டுப் போனதாம். காசியில் குளித்துவிட்டு, இங்கே சாப்பிட்டுவிட்டு, ராமேசுவரத்துக்குப் போகின்றன என்று சொல்லுவார். கதை கேட்டே வளர்ந்தவள் நான். 2018இல் நானும் போனேன். மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பாறையும் இருக்கிறது. பறவைகள் இல்லை. 1990களின் கடைசியோடு அவை வருவது நின்றுவிட்டது.

அந்த வெள்ளைப் பறவை கழுகுகூட இல்லை. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் பிணந்தின்னிப் பறவைகளின் வகை. பழைய தமிழில் பாறு என்று பெயர். முகம் மட்டும் மஞ்சள். அதன் உறவுக்காரப் பறவைகள் இந்தியாவில் லட்சக்கணக்கில் இருந்தன. 1990களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றில் மூன்று இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்து போயின. அதே காலத்தில் இந்த வெள்ளைப் பாறுவும் வேகமாகக் குறைந்தது. என்ன காரணம் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. நோய் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி மருந்து. மாட்டுக்குக் கால்வீக்கம், மடிவீக்கம் என்றால் போடுகிற ஊசி. அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறுவுக்குச் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இந்தியாவில் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

ஐயா அவர்களே, எண்ணிப் பாருங்கள். அந்த ஊசியைப் போட்டவர் கொலைகாரர் இல்லை. மாட்டின் வலியைப் பார்க்கச் சகிக்காமல் போட்டவர். பொங்கல் வைத்த பூசாரியும் பக்தியோடுதான் வைத்தார். ஆனால் மலைமேல் வைத்த பொங்கலால், கீழே வயலில் கிடந்த மாட்டிலிருந்து அந்த இனத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றை வாழவைத்தது பொங்கல் என்று நாம் நினைத்துக் கொண்டிருந்தோம். வாழவைத்தது செத்த மாடு. தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் பாறுகள் இன்றைக்கு முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பதும், அங்கே காட்டு விலங்குகளின் சுத்தமான இரை கிடைப்பதால்தான். காக்கைக்குச் சோறு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. காக்கை நம்மோடு குடித்தனம் பண்ணுகிற பறவை. நாம் தின்பதை அதுவும் தின்று பழகிவிட்டது. பருந்து அப்படி இல்லை.

சிங்கப்பூரில் இருந்து பார்க்கும் நேயர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே 2020 ஜூன் முதல் வனவிலங்குக்கு உணவு போட்டால் முதல் தடவைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்க வேண்டிய நிலைமை! (சிரிப்பு) நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைகளைக் கொல்லவும் பிடிக்கவும் கூடாது என்கிறது. சட்டத்தின் முன்னால் கையில் துப்பாக்கி இருந்தால்தான் குற்றம். வாளி இருந்தால் விருந்தோம்பல்.

படகோட்டியின் வயிறு

சுற்றுலா நண்பர் இன்னொரு பக்கத்தைச் சொன்னார். படகோட்டிக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது, பறவை வரவில்லை என்றால் பயணி வரமாட்டார் என்றார். இது நியாயமான பேச்சு. இதைத் தட்டிக்கழித்துவிட்டு நான் போக முடியாது.

2018இல் நான் மறுபடியும் கிலிமுக்குப் போனேன். இந்தத் தடவை நிலையத்தின் செலவில் இல்லை, சொந்தக் காசில். அதே படகோட்டியைத் தேடிப் பிடித்தேன். எனக்கு அடையாளம் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. தோல் போட வேண்டாம், சும்மா காட்டுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "நான் போடாவிட்டால் பக்கத்துப் படகுக்காரர் போடுவார். வருகிற தமிழர்கள் எல்லாரும் டிவியில் பார்த்தோம், அந்த மாதிரி வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்" என்று மலாயில் சொன்னார். டிவியில் வந்தது யார் என்று நான் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை.

பிறகு அவரே வேறொரு படகோட்டியைக் கைகாட்டினார். அவர் வாளி வைத்துக்கொள்வதில்லையாம். அவரோடு போனோம். ஒரு கண்டல் மரத்து நிழலில் இயந்திரத்தை நிறுத்தினார். நிறுத்தினால் நிறுத்தியதுதான். கொசுக்கடி. முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அண்ணன் மகன் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டான். திடீரென்று பாறை உச்சியிலிருந்து அந்தக் கடற்கழுகு கிளம்பியது. அலட்டிக்கொள்ளாமல், சாய்ந்த கோட்டில் இறங்கி, கால்களை முன்னே நீட்டி, தண்ணீரை ஒரு கீறு கீறியது. காலில் மீன். அந்த மீன் வாலை அடித்துக்கொண்டே மேலே போனது. எங்கள் தலைக்கு மேலேயே போனதால் தண்ணீர்த் துளி என் கன்னத்தில் விழுந்தது.

யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க நேரமில்லை. கட்டணம் மற்றப் படகுகளுக்கு என்னவோ அதேதான்.

ஆக, சுற்றுலா நண்பரே, படகோட்டியின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அவரிடம் கோழித்தோலைக் கேட்டது நாம்தான். நம்மைக் கேட்க வைத்தது என்னைப் போன்றவர்கள். லங்காவிக்குப் போகிறவர்கள் படகில் ஏறும் முன்பே "தீவைக் காட்டுங்கள், காட்டைக் காட்டுங்கள், வாளியை மட்டும் திறக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஏறினால், பக்கத்துப் படகுக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்.

பறவையை அருகில் வரவழைத்தால்தான் பயணி வருவார் என்பதற்கும் நம் நாட்டிலேயே மறுப்பு இருக்கிறது. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் என்று ஒரு முனை. சுற்றிலும் நெகிரி செம்பிலான், அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் அங்கே கப்பல்களுக்கு விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். இப்போது நிற்கிற கலங்கரை விளக்கம் 1863இல் கட்டியது. அதன் அடியில், பிப்ரவரி கடைசியிலும் மார்ச் மாதத்திலும் காலை பத்துப் பதினொரு மணிக்கு நின்றுகொண்டு கடலைப் பார்க்க வேண்டும்.

சுமத்திரா பக்கம் குளிர்காலத்தைக் கழித்த பருந்துகள் வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்புகிற காலம் அது. அதிகமாக வருவது தேன் பருந்து. ஜப்பானில் இருந்து வருகிறவைகளும் அவற்றில் உண்டு. ஹிரோயோஷி ஹிகுச்சி என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் அவற்றின் முதுகில் சிறிய கருவியைக் கட்டி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். போகும்போது ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர், திரும்பி வரும்போதும் அதே அளவு. இது தேனீக் கூட்டையும் குளவிக் கூட்டையும் பிய்த்து உள்ளே இருக்கும் புழுவைத் தின்று வாழ்கிற பருந்து. கொட்டினால் தாங்குவதற்கு முகத்தில் செதிள் போல இறுக்கமான இறகு.

இவ்வளவு தூரத்தை இறக்கை அடித்தே கடக்க முடியாது. வெயில் ஏறத் தரை சூடாகிறது, அங்கிருந்து சூடான காற்று தூண் மாதிரி மேலே கிளம்புகிறது. பருந்து அந்தத் தூணுக்குள் நுழைந்து வட்டம் போடும். செலவில்லாமல் உயரே போகும். உச்சிக்குப் போனதும் வழுக்கிக்கொண்டே அடுத்த தூணைத் தேடிப் போகும். கோயில் திடலுக்கு மேலே கருடன் வட்டமிடுவதும் வெயில் ஏறுகிற நேரத்தில்தான் என்று நான் ஒரு முறை பாட்டியிடம் சொன்னேன். "அந்தக் காத்த அனுப்புறது யாருடி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கடலுக்கு மேலே அந்த மாதிரிக் காற்றுத்தூண் கிளம்பாது. அதனால் மலாக்கா நீரிணை எங்கே குறுகலோ அங்கே பார்த்துக் கடக்கின்றன. சுமத்திராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து தஞ்சோங் துவான் 38 கிலோமீட்டர்தான். அந்தத் தீவில் கிடைத்த உயரத்தை வைத்துக்கொண்டு வழுக்கி வருகின்றன. வர வர உயரம் குறைகிறது. எதிர்க்காற்று அடித்தால் கடைசிப் பகுதியில் இறக்கை அடித்தே ஆக வேண்டும். கரை சேரும்போது சில பருந்துகள் மரத்தின் தலையைத் தொடுகிற உயரத்தில் களைத்துப் போய் வரும். முனையில் இருக்கும் அந்தச் சிறிய காட்டுக்கு மேலே வந்ததும், மறுபடி சூடான காற்று கிடைக்கும். நம் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி ஏறி வடக்கே போகும். நல்ல நாளில் ஆயிரத்துக்கு மேல் எண்ணுவார்கள். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே அங்கே மார்ச் மாதத்தில் விழா எடுத்துவந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் முதல் வெளிநாட்டார் வரை வருகிறார்கள். அத்தனை பேரில் ஒருவர் கையிலும் வாளி கிடையாது.

2017இல் நான் அங்கே படம் பிடித்துக்கொண்டு வந்தேன். மூன்று மணி நேரப் படப்பிடிப்பு, 40 விநாடிதான் ஒளியேறியது. "பறவை ரொம்பத் தூரத்தில் இருக்கிறது" என்று நிலையத்தில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பத்தடி தூரத்தில் காட்டி நேயர்களைப் பழக்கியவளே நான்தான். அன்றிரவு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னடி இது, கருடன் கருடன்னு சொன்ன, வெறும் புள்ளியால்ல தெரியுது?"

2019 மார்ச்சில் அம்மாவையே அழைத்துக்கொண்டு போனேன். முட்டிவலிக்காரர். மேட்டுப்பாதையில் நின்று நின்று ஏறினார். கலங்கரை விளக்கத்தின் கீழே ஒரு நிழலில் பாயை விரித்து உட்கார வைத்தேன். பதினொன்றரை மணி இருக்கும். கடலுக்கு மேலே புள்ளி. அம்மா என்னைப் பார்த்தார், "நான்தான் சொன்னேனே" என்பது போல. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஆறேழு. புள்ளிகள் பெரிதாகி இறக்கை தெரிந்து, இறக்கையில் கோடு தெரிந்து, எங்களுக்கு எதிரே இருந்த மரத்தை ஒட்டி ஒரு தேன் பருந்து மெதுவாக இறக்கை அடித்துக்கொண்டு வந்தது. அதன் மஞ்சள் கண்ணைப் பார்த்தோம். அதுவும் எங்களைப் பார்த்திருக்கும்.

அம்மாவின் இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற சீனப் பெண்மணி ஏன் என்று மலாயில் கேட்டார். "இது எங்கள் சாமியின் காடி" என்று அம்மா அவருக்கு மலாயிலேயே விளக்கம் சொன்னார். (சிரிப்பு)

"அம்மா, இது கருடன் இல்லை. தேன் பருந்து" என்றேன்.

"எதுவா இருந்தா என்ன, கடலைத் தாண்டி வந்திருக்கே" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "பாவம், பசிக்கும்ல? ஏதாச்சும் வைக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"தேனீக் கூடு வச்சிருக்கீங்களா?" என்றேன்.

"அது எங்கிட்ட எங்க இருக்கு?" என்றார். பையைத் திறந்து எலுமிச்சைச் சோற்று டப்பாவை வெளியே எடுத்தார். "அப்போ நாமளே சாப்பிடுவோம்."